மேடில்லாத நாட்டில் சைக்கிள் மிதிப்பது: நெதர்லாந்தின் காற்றும் கரைகளும்

2015-ஆம் ஆண்டு டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை கிறிஸ் ஃப்ரூம் வென்றார். இரண்டாவதாக வந்த கொலம்பியாவின் நைரோ கின்டானா அவரைவிட 1 நிமிடம் 12 விநாடி பின்தங்கியிருந்தார். மூன்று வாரம் ஓட்டி, பிரெனீஸ், ஆல்ப்ஸ் இரண்டையும் ஏறி இறங்கிய பிறகு மிஞ்சிய வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் பந்தயத்தின் இரண்டாம் நாளிலேயே கின்டானா ஃப்ரூமிடம் 1 நிமிடம் 28 விநாடியை இழந்திருந்தார். அன்றைய பாதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தொடங்கி, ராட்டர்டாம் வழியாக ஜீலாந்து மாகாணத்தின் கடலோரத்தில் போய் முடிந்தது. மொத்தம் 166 கிலோமீட்டர். மலையே கிடையாது, மேடு என்று சொல்லிக்கொள்ளக்கூட எதுவும் இல்லை.

அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டால் கின்டானாதான் ஜெயித்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. பந்தயம் அப்படிக் கூட்டிக் கழிக்கிற கணக்கு அல்ல. மலையில் பின்னால் இருப்பவர் ஓட்டும் விதமே வேறு, முன்னால் இருப்பவர் காத்துக்கொள்ளும் விதமும் வேறு. ஆனாலும் உலகத்தின் மிகச் சிறந்த மலையேறிகளில் ஒருவர், முந்தைய ஆண்டின் சாம்பியன் வின்சென்ஸோ நிபாலியும் கூடவே, தட்டையான ரோட்டில் ஒன்றரை நிமிடத்தைப் பறிகொடுத்தார்கள் என்றால், அந்தத் தட்டையான நாட்டில் ஏதோ இருக்கிறது. இருப்பது காற்றுதான். அது ஏன் அங்கே அவ்வளவு வேலை காட்டுகிறது என்பதற்கு அந்த நிலம் உண்டான விதத்தையும் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் சுமார் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ராட்டர்டாமுக்கு வடகிழக்கே உள்ள ஸைட்பிளாஸ் போல்டரில் தரை 6.76 மீட்டர் கீழே. (சுற்றிலும் கரை கட்டி, நீரை வெளியேற்றி உண்டாக்கிய தாழ்நிலத்துக்குத்தான் போல்டர் என்று பெயர்.) ரைன், மாஸ், ஸ்கெல்ட் என்ற மூன்று ஆறுகள் கடலில் கலக்கும் கழிமுகம் அது. வண்டலும் சதுப்பு நிலமுமாகவே இருந்தது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விவசாயிகள் அந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். வடிந்ததும் நிலம் காய்ந்தது, காய்ந்ததும் அமிழ்ந்தது. மக்கிய தாவரங்களால் ஆன மண் ஈரத்தை இழந்தால் சுருங்கும். காற்றுப் பட்டால் கரைந்தே போகும். நிலம் இறங்க இறங்க நீர் தானாக வடியாது. அப்போது இறைத்துத்தான் தீர வேண்டும். இறைத்தால் இன்னும் இறங்கும். இந்த வம்பு இன்றுவரை முடியவில்லை.

நீர் இறைக்கும் காற்றாலைகள் 15-ஆம் நூற்றாண்டில் அங்கே பரவத் தொடங்கின. காற்று இறக்கைகளைச் சுழற்றும், உள்ளே மரப் பல்சக்கரங்கள் திரும்பும், அடியில் துடுப்புச் சக்கரம் ஒன்று பள்ளத்து நீரை அள்ளி மேலே இருக்கும் வாய்க்காலில் தள்ளும். ஒரு காற்றாலையால் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத்தான் நீரைத் தூக்க முடியும். பள்ளம் அதைவிட ஆழம் என்றால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று நான்கு காற்றாலைகளை வரிசையாக நிறுத்தி, படிப்படியாக ஏற்றினார்கள். ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பணம் போட்டு வற்றவைத்த பேம்ஸ்டர் ஏரி 1612-இல் வயலானது. நாற்பதுக்கு மேற்பட்ட காற்றாலைகள் அதற்கு வேலை செய்தன. பக்கத்து ஸ்கெர்மர் ஏரிக்கு 52 காற்றாலைகள்; அவற்றில் 11 இன்னும் நிற்கின்றன. சுற்றுலாப் படங்களில் எல்லோரும் பார்க்கும் கிண்டர்டைக்கின் 19 காற்றாலைகளில் பெரும்பாலானவை 1738-லிருந்து 1740-க்குள் கட்டியவை. ஆக, கடலிலிருந்து வரும் அதே காற்றை வேலைக்கு வைத்துத்தான் இந்த நிலத்தில் பெரும்பகுதியைக் காயவைத்தார்கள். இடையில் மரமோ குன்றோ இல்லாத வெளி இல்லாவிட்டால் காற்றாலை சுற்றாது. அதே வெளியில்தான் இன்று சைக்கிள்காரர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வரலாற்றால் ரோடுகளும் இரண்டு சாதியாகப் பிரிந்துவிட்டன. ஒன்று, பழைய கரைகளின் மேல் போகும் ரோடு. ஆறு எப்படி வளைந்ததோ, பழைய கடலோரம் எப்படி நெளிந்ததோ அப்படியே போகும். இன்னொன்று, வற்றவைத்த ஏரிக்குள் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த ரோடு. பேம்ஸ்டர் முழுக்கக் கட்டம் கட்டமாக அளந்து போட்டது; 1999-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றதற்கு அந்தக் கட்டமே காரணம். 20-ஆம் நூற்றாண்டில் கடலை அடைத்து உண்டாக்கிய ஃப்ளேவோலண்ட் மாகாணத்தில் இந்த நேர்க்கோடு இன்னும் நீளம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வளைவே வராது.

இரண்டையும் ஒருசேரப் பார்க்க ஹார்லமர்மேர் நல்ல இடம். நீராவி எந்திரங்களை வைத்து 1852-இல் வற்றவைத்த பெரிய ஏரி. ஸ்கிபோல் விமான நிலையம் அதன் தரையில்தான் இருக்கிறது. ஏரியைச் சுற்றி வெட்டிய வளையக் கால்வாயின் ஓரமாகவே ரோடு போகிறது, ஒரு முழுச் சுற்று சுமார் 60 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்து சைக்கிள்காரர்களுக்குப் பழகிய சுற்று. ஒரு கை பக்கம் கால்வாய் நீர் ஏறக்குறைய ரோடு மட்டத்திலேயே தளும்பிக்கொண்டிருக்கும். மறு கை பக்கம் வீடுகளின் கூரை முழங்கால் உயரத்தில் தெரியும், வயல் அதற்கும் கீழே. கரையை விட்டு இறங்கி வயல் நடுவிலிருந்து திரும்பிப் பார்த்தால் படகுகள் தலைக்கு மேலே போவது போல இருக்கும். கரைமேல் இருக்கும்போது காற்று முழுசாக அடிக்கும். இறங்கினால் கரையின் மறைவில் கொஞ்சம் மூச்சு விடலாம். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் சுற்றின் ஏதோ ஒரு பக்கத்தில் அதை நெஞ்சில் வாங்கியே ஆக வேண்டும்.

சரி, எதிர்காற்று எவ்வளவுதான் கெடுக்கும்? காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். காற்றே இல்லாத நாளில் 30 கி.மீ. வேகத்தில் போகிறவர் முகத்தில் 30 கி.மீ. வேகக் காற்றுப் படும். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தில் போக அவர் 50 கி.மீ. வேகக் காற்றைக் கிழிக்க வேண்டும்; தடை கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அந்த அளவு சக்தி யாரிடமும் சும்மா கிடக்காது, அதனால் வேகம்தான் இறங்கும். சராசரி உடல்வாகு, ரேஸ் சைக்கிள், சுமார் 145 வாட் சக்தி என்று வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கில், 30-இல் போனவர் எதிர்காற்றில் 19 கி.மீ. வேகத்துக்கு இறங்குகிறார். திரும்பும்போது பின்காற்றில் 43 வரை வருகிறது. போனதை வட்டியோடு வாங்கிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் 20 கிலோமீட்டர் போய் 20 கிலோமீட்டர் திரும்ப, காற்றில்லாத நாளில் 80 நிமிடம் ஆகும். இந்த நாளில் சுமார் 91 நிமிடம். மெதுவாகப் போகும் பாதியில்தான் நேரம் அதிகம் கழிகிறது என்பதால், எதிர்காற்று பிடுங்கியதைப் பின்காற்று ஒருநாளும் முழுசாகத் திருப்பித் தராது. இத்தனைக்கும் 20 கி.மீ. என்பது அங்கே இளங்காற்று.

அதனால்தான் அந்த ஊர்க் கிளப்புகளில் முதலில் காற்றை எதிர்த்துக் கிளம்பு, களைத்த பிறகு காற்று வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரட்டும் என்பது பாலபாடம். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வீசும். கடலோரத்து மரங்கள் வடகிழக்காகச் சாய்ந்தே வளர்ந்திருப்பதைப் பார்த்தால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் தந்திரசாலிகள் சைக்கிளை ரயிலில் ஏற்றி, காற்று வரும் மூலைக்குப் போய் இறங்கி, அங்கிருந்து ஊருக்கு மிதித்து வருவார்கள். தென்மேற்கு முனையில் கடலோரமாக இருக்கும் ஃப்ளிஸ்ஸிங்கன் ரயில் நிலையம் இதற்கு வாகானது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். வேலை நாள்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இது ஏமாற்று வேலை என்பாரும் உண்டு. என்னைக் கேட்டால் புத்திசாலித்தனம்.

எதிர்காற்றாவது எல்லோருக்கும் பொதுவான துன்பம். பந்தயத்தைக் கிழிப்பது பக்கவாட்டுக் காற்று. கின்டானா அகப்பட்டது அதில்தான்.

40 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவர்மேல் இடது பக்கத்திலிருந்து 30 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உணரும் காற்று நேர் முன்னாலிருந்தும் வராது, நேர் பக்கத்திலிருந்தும் வராது; இடது முன்புறம் சாய்வாக, 50 கி.மீ. வேகத்தில் வரும். அப்படியானால் அவர் உடம்பு மறைக்கும் இடம் அவருக்கு நேர் பின்னால் இல்லை. பின்னால் வலது பக்கம் தள்ளி இருக்கிறது. பின்னால் வருபவர் அங்கே ஒட்டிக்கொள்வார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் வலதுபுறம். இப்படி ரோட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை சாய்வாக ஒரு வரிசை விரியும். டச்சுக்காரர்கள் இதை வாயர் என்பார்கள். முன்னால் இருப்பவர் சிறிது நேரம் இழுத்துவிட்டு, காற்று வரும் பக்கமாக விலகிப் பின்னுக்கு வருவார். அடுத்தவர் அந்த இடத்தைப் பிடிப்பார். சுழற்சி நின்றால் எல்லாம் கெட்டது.

சிக்கல் என்னவென்றால் ரோட்டுக்கு அகலம் இவ்வளவுதான் என்று ஓர் எல்லை இருக்கிறது. போல்டர் ரோடு குறுகல்; பத்துப் பேர் சாய்ந்து நின்றால் வலது ஓரம் வந்துவிடும், அதற்கு அப்பால் புல், புல்லைத் தாண்டினால் வாய்க்கால். பதினோராவது ஆளுக்கு மறைவு கிடையாது. அவரும் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் வலது ஓரத்துக் கோட்டின்மேல் ஒற்றை வரிசையில், முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு, முன் சக்கரத்தைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் கால் சோர்ந்து ஐந்து மீட்டர் விட்டுவிட்டால் போதும், அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் அறுந்து போவார்கள். முன்னால் இருக்கும் அணி வேண்டுமென்றே வரிசையை வலதுபுறம் நகர்த்தினால், தங்கள் ஆட்கள் நான்கைந்து பேருக்கு மட்டுமே மறைவு கிடைக்கும். இது விதிமீறல் இல்லை. கொடூரம், அவ்வளவுதான்.

ஓரத்தில் தொங்குபவர் செய்ய வேண்டியது, முன்னால் இருக்கும் வரிசையை மறந்துவிட்டு, பின்னால் இருப்பவர்களைச் சேர்த்து இரண்டாவது சாய்வு வரிசையை உடனே அமைப்பது. சொல்வது சுலபம். கண்ணெதிரே பத்து மீட்டரில் இருக்கும் முதல் கூட்டத்தைக் கைவிட யாருக்கு மனசு வரும்? தயங்கும் அந்த அரை நிமிடத்தில் பத்து மீட்டர் நூறாகிவிடும். காற்றுத் தேசத்தில் வளர்ந்த வீரர்களுக்கும் மலை நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் கால் பலத்தைவிட இந்த முடிவில்தான் அதிகம் தெரியும் என்பது என் கணிப்பு. அதோடு உடம்பு எடையும் சேர்ந்துகொள்கிறது. மலையில் சாதகமாக இருக்கும் மெல்லிய உடல் இங்கே பாரமான கால்களுக்கு முன்னால் நிற்காது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது கின்டானா போன்ற இலவம்பஞ்சு என்ன செய்யும்?

2015-இல் அந்தக் கூட்டம் உடைந்தது ராட்டர்டாமைத் தாண்டிய பிறகு, மழையும் காற்றும் சேர்ந்து அடித்தபோது. ஃப்ரூமும் ஆல்பெர்டோ கான்டடோரும் முன் கூட்டத்தில் இருந்தார்கள். கின்டானா, நிபாலி இருவரும் பின் கூட்டத்தில். அன்றைய ஓட்டத்தில் ஜெர்மனியின் ஆண்ட்ரே க்ரைபல் ஜெயித்தார், மூன்றாவதாக வந்த ஃபேபியன் கான்செல்லாரா மொத்த நேரக் கணக்கில் முன்னிலை வகிப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை வாங்கினார். இப்படிப்பட்ட நாள்களுக்கு அணிகள் முன்கூட்டியே பாதையைப் பார்த்துவைக்கும். எந்தத் திருப்பத்தில் எதிர்காற்று பக்கவாட்டுக் காற்றாக மாறும், எந்த ஊரின் கடைசி வீட்டோடு மறைவு முடியும் என்று குறித்துக்கொள்வார்கள். கிராமத்துக்குள் நுழையும்போது இடம் பிடிக்க முட்டி மோதிக்கொள்வதும், வெளியே வந்த நொடியில் யாரோ ஒருவர் பாய்வதும் அதனால்தான்.

பந்தயத்துக்கு வராதவர்களுக்குக் காற்றைப் படிக்கக் காற்றாலையே உதவும். அதன் இறக்கைகள் காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அதற்காகக் கூரையோடு சேர்த்துத் திருப்பிக் கட்டுவார்கள். நீங்கள் ஒரு காற்றாலையை நோக்கிப் போகும்போது அதன் முகம் உங்களைப் பார்த்தபடி சுற்றினால் நல்லது. காற்று உங்கள் முதுகில் இருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றினால் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நாடு முழுக்கச் சுமார் பத்தாயிரம் இருந்தன, இன்று ஆயிரத்துச் சொச்சம்தான். அவையும் பல நாள்கள் சும்மா நிற்கும், நிற்கும்போது பார்க்கும் திசையை நம்ப முடியாது. அப்படி நிற்கும்போதும் சேதி சொல்லும் வழக்கம் உண்டு: ஓர் இறக்கை உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தியிருந்தால் அந்த வீட்டில் நல்ல காரியம், உச்சியைச் சற்றுத் தாண்டி நிறுத்தியிருந்தால் துக்கம். காற்றுத் திசைக்கு நம்பகமானவை மின்சாரக் காற்றாலைகள். உர்க் ஊருக்கு அருகே கரையோரமாக 86 நிற்கின்றன. தானாகவே காற்றுக்கு முகம் திருப்பும், பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். அழகு பழையதுக்கு, உபயோகம் புதியதுக்கு.

நாட்டில் ஆட்களைவிட சைக்கிள்கள் அதிகம் என்பது எல்லோரும் சொல்வது. ரேஸ் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அதுவே தலைவலியும் கூட. நீல வட்டப் பலகையில் சைக்கிள் படம் இருந்தால் அந்தத் தனிப்பாதையில்தான் போக வேண்டும், 40 கி.மீ. வேகத்தில் பறப்பவருக்கும் விலக்கு இல்லை. அதே பாதையில் பள்ளிப் பிள்ளைகள், நாயோடு நடப்பவர்கள், மின்சார சைக்கிளில் தாத்தா பாட்டிகள் எல்லோரும் வருவார்கள், பல இடங்களில் இரு திசையிலும். கிளப் கூட்டமாகப் போகும்போது முன்னால் இருப்பவர் கத்திக்கொண்டே போவார்: எதிரே ஆள் வந்தால் ‘டேஹன்!’, முன்னால் யாரையாவது தாண்ட வேண்டியிருந்தால் ‘ஃபோர்!’, நடுப்பாதையில் கம்பம் நட்டிருந்தால் ‘பால்!’. கார் நுழையாமல் இருக்க நட்ட குட்டைக் கம்பங்கள் அவை. பின்னால் வருபவருக்கு முன் ஆளின் முதுகு மட்டுமே தெரியும் என்பதால் கடைசி நொடியில் மோதிப் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். இப்போது தேவையில்லாத இடங்களில் பிடுங்கி வருகிறார்கள். இலையுதிர் காலத்தில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் அறுவடை நடக்கும்போது டிராக்டர் சக்கரத்துச் சேறு ரோடெல்லாம் அப்பிக் கிடக்கும். ஒல்லி டயருக்கு அது எமன். அப்புறம் தூக்குப்பாலம். படகு வந்தால் மணி அடித்துப் பாலம் மேலே போகும், எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

வழி தேட எண்கள். சந்திப்புக்குச் சந்திப்பு ஒரு பலகை, அதில் ஓர் எண். அடுத்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. 34, 51, 07 என்று துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்க வரைபடத்தை விரிக்கத் தேவையில்லை. இதைத் தொடங்கியது பக்கத்து பெல்ஜியத்தில், லிம்பர்க் மாகாணத்தில், 1995-இல். யோசனை சுரங்கப் பொறியாளர் ஹூகோ போலனுடையது. நெதர்லாந்து அப்படியே எடுத்துக்கொண்டது.

இவ்வளவு தட்டையான நாட்டில் பிறந்தவர்களுக்கு மலை ஒத்துவராது என்று நினைத்தால் அதுவும் பொய். டூரில் பேர்போன ஆல்ப் த்யூயெஸ் மலையுச்சியில் 1976 முதல் 1989 வரை எட்டு முறை டச்சு வீரர்கள் ஜெயித்தார்கள்: யோப் ஸூட்டமெல்க், ஹென்னி கைபர், பேட்டர் வின்னன் ஆளுக்கு இரண்டு, ஸ்டீவன் ரோக்ஸ், கெர்ட்-யான் டூனிஸ ஆளுக்கு ஒன்று. இன்றும் அதற்கு ‘டச்சு மலை’ என்றே பட்டப்பெயர். யோசித்தால் வினோதம் இல்லை. எதிர்காற்றில் ஒரு மணி நேரம் ஒரே சீராக அழுத்தி மிதிப்பதும் நீண்ட ஏற்றத்தை மிதிப்பதும் உடம்புக்கு ஏறக்குறைய ஒரே வேலை; பாதியில் விட்டு ஓய்வெடுக்க முடியாது. உள்ளூரில் ஏற்றம் வேண்டும் என்பவர்களுக்குப் பாலங்கள், கரைகள் உண்டு; ட்ரெந்தெ மாகாணத்தில் ஒரு குப்பைமேடும் உண்டு. பல ஆண்டுகள் கொட்டிய குப்பையை மூடி, மேலே ரோடு போட்டு, ஆல்ப்ஸ் பாணியில் ‘கோல் து வாம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 2023 ஐரோப்பிய சாம்பியன் பட்டத்துக்கான ரோடு பந்தயம் அதன் உச்சியில்தான் முடிந்தது.

காற்றையே போட்டியாக வைத்துவிட்டதுதான் இதில் உச்சம். 2013 முதல் எதிர்காற்று சைக்கிள் சாம்பியன்ஷிப் ஒன்று நடக்கிறது. இடம், ஜீலாந்தில் கடலை மறித்துக் கட்டிய ஊஸ்டர்ஸ்கெல்டு அணை. 1953-இல் கடல் புகுந்து 1,800-க்கு மேற்பட்டவர்களைக் கொன்ற வெள்ளத்துக்குப் பிறகு எழுந்த அணைகளில் மிகப் பெரியது, 1986-இல் திறந்தது. தூரம் 8.5 கிலோமீட்டர் மட்டும். சொந்த சைக்கிள் கொண்டுவரக் கூடாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி, நிமிர்ந்து உட்காரும் வீட்டு சைக்கிள், கியர் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக். குனிந்து காற்றை ஏமாற்றவும் ஹேண்டில்பார் இடம் கொடுக்காது. ஆண்டுக்கு ஆண்டு தேதியும் நிச்சயம் இல்லை. காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 7-ஐத் தொடும், அதாவது 50 கி.மீ. வேகத்தைத் தாண்டும் என்று வானிலை அறிக்கை சொன்ன பிறகுதான், ஓரிரு நாள் அவகாசத்தில் அறிவிப்பார்கள். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் ஐரோப்பாவைப் புரட்டிப் போட்டு விமானங்களை ரத்து செய்துகொண்டிருந்த நாளில் நடத்தினார்கள்.